டென்ட் லேபிளில் போட்டிருக்கும் எடையை நம்பலாமா?

கேள்வி: இரண்டு பேருக்கான அல்ட்ராலைட் டென்ட் 1.2 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். முதுகில் ஏறும்போதும் அதே எடைதானா?

இல்லை. என் கதையில் அந்த 1.2 கிலோ 1.8 ஆனது.

லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டிரெயில் வெயிட் அல்லது மினிமம் வெயிட். உள் கூடாரம், மேல் துணி, கம்பிகள், அவ்வளவுதான் அதில் சேர்த்தி. முளை, இழுகயிறு, பை எல்லாம் சேர்ந்தது பேக்டு வெயிட். அது பக்கத்தின் கீழே எங்கோ சின்னதாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் முளை இல்லாமல் யார் டென்ட் போடுகிறார்கள்?

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளில் போகும் ஜான் மியூர் டிரெயில் என்ற நடைபாதையில் ஒரு பகுதி நடக்கக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, சப்பாத்தி மாவு அளக்கும் தராசில் எவர்சில்வர் குண்டானை வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு எடை பார்த்தேன் (மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்). லேபிள் 1,220 கிராம். கூடாரமும் மேல் துணியும் கம்பிகளும் மட்டுமே 1,247. துணியில் அந்த அளவு கூடக்குறைய இருக்கத்தான் செய்யும், அதை விட்டுவிடலாம். எட்டு அலுமினிய முளைகள் 104, இழுகயிறுகள் 30, மூன்று பைகள் 48, கம்பி உடைந்தால் மாட்டுகிற சின்னக் குழாய் 10. ஆக 1,439. அப்புறம் தரை விரிப்பு. அடித்துணி மெல்லிசு, விரிப்பு இல்லாமல் போடாதீர்கள் என்று அவர்களே சொல்லிவிட்டு, அதைத் தனியாக விற்கிறார்கள். 165 கிராம். 1,604.

இதெல்லாம் வீட்டில், காய்ந்த நிலையில். தவுசண்ட் ஐலண்ட் ஏரிக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில், ஒரு சொட்டு மழை இல்லாத இரவுக்குப் பிறகு காலையில் பார்த்தால் மேல் துணியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பாதி எங்கள் மூச்சு, பாதி ஏரிக்கரை ஈரம். அன்று தாண்ட வேண்டிய கணவாய் இருந்ததால் வெயில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை, அப்படியே சுருட்டித் திணித்தோம். ஊர் திரும்பிய பிறகும் சந்தேகம் தீராமல் தோட்டக் குழாயால் அதே துணியை நனைத்து, ஓங்கி நாலு உதறு உதறி எடை போட்டேன். 230 கிராம் கூடுதல். மொத்தம் 1,834. லேபிளை விட 614 கிராம் அதிகம்.

நைலான் என்றால் இன்னொரு தொல்லை, நூலே நீரைக் குடித்து நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரியில் தொய்ந்து முகத்தில் படும், எழுந்து போய் இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் இந்த விஷயத்தில் தேவலை. டைனீமா என்கிற செயற்கை இழைத் துணி தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது, மேலே ஒட்டும் துளிகள் மட்டும்தான், ஆனால் விலை சாதாரணமாக 600, 700 டாலர்.

அடுத்த வருடம் மனசு கேட்காமல் அந்த ரகத்தில் ஒன்று வாங்கினேன். உள் கூடாரம் தனியாக இல்லாத ஒற்றைச் சுவர், கம்பியே கிடையாது, நடைக்கழி இரண்டை நட்டு நிறுத்துவது. லேபிள் 540. இதில் முளை 80, பைகள் 15, ஜன்னலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய விரிப்பு 45. சியராவில் பல இடங்களில் அடியில் கிரானைட் பாறை, முளை இரண்டு அங்குலம்கூட இறங்காது, கயிற்றை நீட்டிப் பாறாங்கல்லில்தான் கட்ட வேண்டும், அதற்குக் கூடுதல் கயிறு 40. ஈரம் ஒரு 90. ஆக 810. கழிகள்? எப்படியும் கையில் இருப்பதுதானே, கணக்கில் சேர்க்காதே என்பார்கள். நியாயம்தான், எப்படியும் கழியோடு நடப்பவர்களுக்கு. நான் அதுவரை கழி தொட்டதே இல்லை, டென்ட்டுக்காகவே ஒரு ஜோடி வாங்கினேன், 430 கிராம். கூட்டினால் 1,240, பழைய டென்ட் லேபிளில் என்ன இருந்ததோ ஏறக்குறைய அதே!

அப்படியும் பழையதை விட 600 கிராம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைச் சுவரில் கை பட்டால் ஈரம், தூக்கப்பையின் கால்மாடு நனையும், துடைக்க ஒரு துண்டு வேறு. (டென்ட்டில் கிராம் கணக்குப் பார்க்கிற நாங்கள், சியராவின் பல இடங்களில் சாப்பாட்டை வைக்கக் கட்டாயம் தூக்குகிற, கரடியால் திறக்க முடியாத டப்பா தனியாக ஏறக்குறைய ஒரு கிலோ என்பதைப் பேசவே மாட்டோம்.)

உங்களுக்கு: இரண்டு பேர் என்றால் பிரித்துத் தூக்குங்கள், ஆளுக்கு 900 கிராம் ஒன்றும் பெரிதில்லை. கடை விரிப்பை வாங்காமல் டைவெக் தாளை (வீடு கட்டும்போது சுவரைச் சுற்றிப் போடும் நீர் புகாத தாள்) வெட்டிக்கொள்ளுங்கள். கூட வரும் பைகளை வீட்டிலேயே விட்டுவிடலாம், ஈரமான மேல் துணியை மட்டும் முதுகுப்பைக்கு வெளியே வலைப் பையில் செருகி, மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது ஏதாவது பாறை மேல் விரித்துப் போடுங்கள். சியரா வெயிலில் இருபது நிமிடம் போதும், ஆனால் நாலு மூலையிலும் கல் வையுங்கள். நான் ஒருமுறை வைக்கவில்லை, காற்று தூக்கிக்கொண்டு போனதை ஓடை வரை துரத்தினேன், எடுத்தபோது காலையில் இருந்ததை விட ஈரம்.