மேலூர் பிள்ளைகளின் கால் வலி: ஷூ மட்டும் காரணமில்லை

எட்டுப் பிள்ளைகள், யாரோ கொடுத்த பழைய ஷூ, தார் ரோட்டில் தினமும் 5 கி.மீ. ஓட்டம், மூன்றே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஷூவைத் திட்டுமுன் தூரத்தைப் பாருங்கள். பழகாத எலும்புக்கு அது அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் 2 கி.மீ. போதும், அதுவும் கால்வாய்க் கரை மண்ணில்.

எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே தணியும். ஒரே இடத்தில் சுரீரென்றால் கீறல் விட்டிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மதுரை ராஜாஜி மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அதனால் 'ஒண்ணுமில்லை' என்று வந்தாலும் உடனே ஓடவிடாதீர்கள். பெண்பிள்ளையானால், மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று தனியே கேளுங்கள். ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாத உடம்பில் எலும்புக் கீறலும் இதுவும் சேர்ந்து வருவதுண்டு.

ஷூவில் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நெருக்கினால் போடவே வேண்டாம். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடத் தொடங்கி, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். ஷூ வாங்கித் தரவேண்டியவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், அதையே சாக்காக வைத்துக்கொள்வார்கள்.