அரசியின் பாத மருத்துவரும் வேர் விடாத காலாணியும்

கேள்வி: எனக்கு 52 வயது. லண்டன் ஹாரோவில் ஒரு கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறேன். சில மாதங்களாக வலது காலின் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே கூழாங்கல் கிடப்பதுபோல் உறுத்தி, பிறகு நெருப்பாய் எரிகிறது. தெரிந்தவர் ஒருவர் அழைத்துப்போன நிலையத்தில், இது வேர் விட்ட காலாணி என்றும், விக்டோரியா அரசிக்கு வைத்தியம் பார்த்த யூதப் பாத மருத்துவரின் முறைப்படி வேரோடு எடுத்துவிடலாம் என்றும் சொல்லி, 600 பவுண்டு முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: கொடுக்க வேண்டாம்.

அவர்கள் குறிப்பிடும் மருத்துவர் வாழ்ந்தவர்தான். லூயிஸ் டர்லாக்கர் (1792–1864) நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம், விக்டோரியா ஆகிய மூவரின் அரண்மனையிலும் பாத மருத்துவராக இருந்தார். யூதர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் மறுக்கப்பட்டிருந்த, ஒரு யூதர் நாடாளுமன்றத்தில் அமர 1858 வரை காத்திருக்க வேண்டியிருந்த நாட்டில், தம் கைத்திறனாலேயே அவர் அந்த இடத்தை அடைந்தார். காலாணி, நகநோய், பாதப் பராமரிப்பு ஆகியவை பற்றி 1845-இல் அவர் வெளியிட்ட நூலில்தான் உங்கள் வலி வருகிறது: மூன்றாவது, நான்காவது விரல்களுக்குப் பின்னுள்ள பாத எலும்புகளுக்கு இடையே உள்ளங்கால் நரம்பைத் தாக்கும் ஒரு வேதனை என்று அவர் விவரித்திருக்கிறார். 31 ஆண்டுகள் கழித்து, 1876-இல், ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் மார்ட்டன் இதைப் பற்றி எழுதினார். நோய்க்கு மார்ட்டனின் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, டர்லாக்கரின் பெயரைச் சொல்லி உங்களிடம் காலாணி என்று விற்கப்படுவது, பெரும்பாலும் அவரே நரம்பு வலி என்று எழுதிவைத்த நோய்தான்.

காலாணிக்கு வேரே கிடையாது. அழுத்தத்தால் தடித்த தோல், கூம்புபோல் உள்நோக்கிக் குத்துகிறது, அவ்வளவுதான். வேர் என்று எடுத்துக் காட்டுவது ஊர் சுற்றி ஆணி வெட்டியவர்களின் பழைய வித்தை. கைக்குள் மறைத்து வைத்த சிறு துண்டைக் காலிலிருந்து வந்ததாகத் தட்டில் போட்டுக் கூலி வாங்குவார்கள். இன்று அந்தத் தட்டு துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அழைத்துப்போன தெரிந்தவருக்குப் பங்கு உண்டா என்றும் விசாரியுங்கள். என்னிடம் தாமதமாக வந்த பலரையும் முதலில் வேறெங்கோ அழைத்துப்போனவர் ஒரு தெரிந்தவர்தான்.

அந்த நிலையத்தில் அரச முத்திரை (ராயல் வாரண்ட்) மாட்டியிருந்தாலும் மயங்காதீர்கள். அரண்மனைக்குப் பொருள் வழங்கும் வணிகர்களுக்கே அந்த அங்கீகாரம். மருத்துவம் போன்ற தொழில்களுக்கு அது தரப்படுவதில்லை. பாத மருத்துவத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர்களுள் டர்லாக்கரும் ஒருவர். அவர் இறந்து 96 ஆண்டுகளுக்குப் பிறகு, 1960-இல் வந்த சட்டமோ "அரசுப் பதிவு பெற்ற" என்ற அடைமொழியை மட்டுமே காத்தது. இன்று பாத மருத்துவரைக் குறிக்கும் போடியாட்ரிஸ்ட், சிராபடிஸ்ட் என்ற பட்டங்களைப் பதிவில்லாதவர் பயன்படுத்துவது குற்றம். ஆனால் வேறொரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு அதே கத்தியை எடுத்தால் யாரும் கேட்பதில்லை. பெயருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவைத்த சட்டம் இது. இத்தகைய தொழிலர்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

காலாணிக்கென்று கடைகளில் விற்கும் அமிலப் பட்டையைச் சர்க்கரை நோய் உள்ளவர் ஒட்டவே கூடாது. அமிலத்துக்குக் காலாணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சுடுவதும் தெரியாது. பட்டையை உரிக்கும்போதுதான் புண்ணைப் பார்ப்பீர்கள். வலி இல்லையே என்பது இங்கே ஆறுதல் அல்ல, அதுதான் ஆபத்து. சிறிய ஆணிதானே, ஓரிரவுதானே என்ற சமாதானங்களும் வேண்டாம்.

உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) காலாணி என்று சொல்லாமல், எந்த விரல்களுக்கு நடுவே எரிகிறது, காலணியைக் கழற்றினால் குறைகிறதா என்பதைச் சொல்லுங்கள். சர்க்கரையை முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் உங்களைக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் பாதத்தின் முன்பகுதியை இருபுறமும் அழுத்தினால் உள்ளே ஒரு 'க்ளிக்' தட்டுப்படலாம். பலருக்கு முன்பக்கம் அகன்ற காலணியும், விரல்களுக்குப் பின்னுள்ள பாத எலும்புகளின் முன்முனைக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் சிறு மெத்தையுமே போதும். ஊசியும் அறுவையும் அதன் பிறகுதான். போகும்போது கடையில் அணியும் அதே காலணியுடன் செல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கவென்று புதுக் காலணி மாட்டி வருபவரின் பாதத்தை எது நசுக்குகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு வழியில்லை.