வண்டியும் துருவும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேலாக என் வண்டிகளை நானே கழுவி, நானே பிரித்து மாட்டி வருகிறேன். துரு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வாரம் தவறாமல் வண்டி கழுவுகிறேன். அப்படியும் சைடு ஸ்டாண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம், செயின் கவரின் போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. மாதத்துக்கு ஒருமுறை கழுவும் நண்பனின் வண்டி நன்றாக இருக்கிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தம்பி, கழுவுவதில் தப்பில்லை. கழுவியபின் காயவைக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வெகுநேரம் இருக்கும் இடத்தில்தான் துரு முதலில் வரும். நீங்கள் சொன்ன மூன்று இடங்களும் மேலிருந்து வடியும் தண்ணீர் வந்து தேங்கும் இடங்கள். டேங்கை யாரும் சொல்லாமலே துடைத்துவிடுகிறோம். ஸ்விங் ஆர்ம் அடியில் குனிந்து துடைப்பவர் குறைவு.

கழுவ அரை மணி நேரம் ஆனால் காயவைக்கவும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் செய்வது இப்படி: முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம், பிறகு சைடு ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நிறுத்துவேன். சாய்வு மாறும்போது ஒளிந்திருந்த தண்ணீர் ஓடிவரும், எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அப்புறம் காற்று ஊதும் ப்ளோவரால் போல்ட் தலைகள், இன்ஜின் செதில்கள், சுவிட்சுகள், சாவித்துளை, ஸ்போக் நிப்பிள்கள் என்று ஊதுவேன். ப்ளோவர் இல்லாவிட்டால் பழைய பனியனைக் கீற்றாகக் கிழித்து இடுக்குகளில் நுழைத்து இழுக்கலாம். கடைசியில் பத்து நிமிடம் ஓட்டுவேன். இன்ஜின் சூடு அதைச் சுற்றியுள்ள ஈரத்தைப் போக்கும், பிரேக்கை மெதுவாகப் பிடித்தபடி ஓட்டினால் டிஸ்க்கும் காயும். ஆனால் அந்தச் சூடு ஸ்விங் ஆர்ம் வரை போகாது. ஓட்டினாலே எல்லாம் காய்ந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுக் கழுவினால் என்ன? நல்ல நுரை வருகிறதே.

பதில்: எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அது கெட்டிக்காரப் பொருள், அதுதான் சிக்கல். பெயின்ட் மேல் நீங்கள் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கெட்டியாக இருப்பதற்காகப் பல லிக்விடுகளில் உப்பும் கலந்திருக்கும். துணி துவைக்கும் தூள் இன்னும் மோசம், அதன் காரத்தன்மை அலுமினியத்தை மங்கச் செய்யும். வண்டிக்கென்றே விற்கும் ஷாம்பு போதும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. இன்ஜின் நன்றாக ஆறியபின் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: கழுவி முடித்ததும் வண்டி முழுக்க டீசல் அடித்தால் பளபளப்பாக இருக்கிறது. துருவும் வராது என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பளபளப்பு இரண்டு நாள் இருக்கும், அதற்குள் தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். அந்தத் தூசிப் படலம் அடுத்த மழையில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டால் வண்டி நிற்காது, அதைவிடப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

கேள்வி: பிரஷர் வாஷர்?

பதில்: மட்கார்டு அடியில் ஒட்டிய சேற்றை எடுக்கச் சற்றுத் தள்ளி நின்று அடிக்கலாம். சக்கர பேரிங், ஹேண்டில் கழுத்து, செயின், வயர் கனெக்டர்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கலைத்துவிட்டு அங்கேயே தங்கிவிடும். பேரிங் சத்தம் போடும்போதுதான் உள்ளே துருப்பிடித்ததே தெரியும்.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். மழையே இல்லாத மாதத்திலும் வண்டி துருப்பிடிக்கிறது. நனையாத வண்டிக்கு எப்படித் துரு வரும், சார்?

பதில்: நனைகிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கடல் காற்றில் வரும் உப்பு வண்டி மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் இரவு நேரத்தில் அந்த அளவு எளிதாக வந்துவிடும். ஆக, தினமும் இரவு உங்கள் வண்டி உப்புக் கரைசலில் நிற்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு என்பது ஒரு மின்வேதி வினை, அதனால் வேகம் கூடுகிறது. அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் காப்பாற்றும் ஆக்சைடு படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும். பனி விழும் நாடுகளில் சாலையில் தூவும் கால்சியம் குளோரைடு இன்னும் கொடியது. அது ஏறத்தாழ 30 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும், அதாவது அநேகமாகக் காய்வதே இல்லை.

உங்களுக்கு ஷாம்பு குளியல் அடிக்கடி தேவையில்லை. வாரம் இரண்டு முறை வெறும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரைத்து இறக்கினால் போதும். குளிர்ந்த தண்ணீராகவே இருக்கட்டும், சூடு வினையை விரைவாக்கும். பிறகு, மேலே சொன்னபடி காயவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பெயின்ட்டுக்கு மெழுகு. போல்ட் தலைகள், ஸ்டாண்டு, சேஸிஸ் இடுக்குகளுக்கு மெழுகோ லானோலினோ (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) கலந்த துருத்தடுப்பு ஸ்பிரேயை லேசாக அடித்துத் துணியால் பரப்பிவிடுங்கள். டிஸ்க், பேடு, டயர், கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவற்றில் ஒரு சொட்டும் படக்கூடாது.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்தால் போதாதா?

பதில்: தண்ணீரை வெளியேற்ற அது நல்லது. பெயரிலேயே அது இருக்கிறது: தண்ணீரை விரட்டும் கலவைக்கான 40வது முயற்சி. 1953இல் உருவாக்கப்பட்டது. ஆனால் வழக்கமான அந்த நீல டப்பா விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, சில வாரங்களில் போய்விடும். ஈரத்தை விரட்ட அதை அடியுங்கள், காவலுக்கு அதன்மேல் கிரீஸோ மெழுகு ஸ்பிரேயோ போடுங்கள்.

கேள்வி: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஊசி முனை அளவுக்குச் சில பழுப்புப் புள்ளிகள். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: இன்றைக்கே செய்யுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன். என் முதல் வண்டியில் இதே மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள் வந்தன. சின்னதுதானே என்று ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். ஃபோர்க் மேலும் கீழும் போகும்போது அந்தப் புள்ளிகளின் விளிம்பு அரம் மாதிரி ஆயில் சீலை அறுத்துவிட்டது. எண்ணெய் வழிந்து பிரேக் பேடு வரை போய்விட்டது. சீல் மாற்றினேன், இரண்டே மாதத்தில் மறுபடி ஒழுகியது. குழாயையே மாற்றிய பிறகுதான் நின்றது. அந்த வண்டியை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படும்.

அந்தக் குழாயின் மேல் இருப்பது கடினக் குரோமியம். கண்ணுக்குத் தெரியாத நுண் விரிசல்கள் அதில் இயல்பாகவே உண்டு, ஈரம் அந்த வழியாக அடியிலுள்ள எஃகைத் தொடுகிறது. அலுமினியத் தாளைத் துளி எண்ணெயில் நனைத்து, புள்ளி மறையும்வரை மெதுவாகத் தேயுங்கள். பிறகு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அங்கே குழி இருக்கிறது, சீல் ஓடும் பகுதிக்குள் அது இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தட்டாவிட்டால் வாரம் ஒருமுறை துணியில் ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் தொட்டுக் குழாயைத் துடைத்துவாருங்கள். அரை நிமிட வேலை.

கேள்வி: குரோமியம் பூசிய மற்ற பாகங்களுக்கும் இந்த அலுமினியத் தாள் வித்தை சரிப்படுமா?

பதில்: சரிப்படும், தண்ணீரில் நனைத்தே தேய்க்கலாம். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது. கம்பி நார் போடாதீர்கள், கீறிவிடும். அலங்காரத்துக்குப் பூசும் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது, அதன் அடியிலுள்ள நிக்கல்தான் உண்மையான காவல். நிக்கலும் கொப்பளித்து உரிந்துவிட்டால் மறுபடி பூசுவதுதான் வழி. பிளாஸ்டிக்கில் குரோமியம் போலப் பூசியதை மட்டும் தேய்க்காதீர்கள்.

கேள்வி: செயினைப் பெட்ரோலில் கழுவுவது சரியா அண்ணா? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும்?

பதில்: பெட்ரோல் வேண்டாம். செயினில் ஓ ரிங் இருந்தால் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும், தீ அபாயம் தனி. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் கூடாது. துடைத்துக் காயவைத்து, செயினின் உட்பக்கத்தில் கியர் ஆயிலோ செயின் லூபோ விடுங்கள். சுழலும்போது அது தானே வெளிப்பக்கம் பரவும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றே. ஓட்டி வந்த சூட்டோடு போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தால் நன்றாக இறங்கும்.

கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துணியைப் பிடித்தால் செயின் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: அலுவலகம் இரண்டு கிலோமீட்டர்தான். குறைவாக ஓடிய வண்டி, ஆனால் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. எப்படி?

பதில்: குறைவாக ஓடியதுதான் காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. சைலன்சர் நன்றாகச் சூடானால் அது ஆவியாகவே போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள், அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலங்களோடு சேர்ந்து அடியில் தேங்குகிறது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, உள்ளிருந்து அரிக்கிறது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். சில சைலன்சர்களின் அடியில் சிறு துளை இருக்கும், தண்ணீர் வடியத்தான் அது, ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: துரு வேண்டாம் என்று எல்லாப் போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். இப்போது இன்ஜின் கவர் போல்ட் ஒன்று கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். இங்கே கரைவது கவரின் அலுமினியம். அதன் வெள்ளைப் பொடிதான் மரைக்குள் இறுகிப் பிடித்திருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். பிறகு கவரை மிதமாகச் சூடாக்கி, போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பொறுமையாக எடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடைந்துவிடும். மறுபடி மாட்டும்போது மரையில், இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி சீஸ் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் போட்ட மரை எளிதாக ஓடும், வழக்கமான பலத்தைப் போட்டால் அதிகமாக இறுகி அலுமினிய மரை கழன்றுவிடும், கவனம்.

கேள்வி: மழை விட்ட மறுநாள் பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்புத் தூள்.

பதில்: பயப்படாதீர்கள். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

கேள்வி: சேஸிஸில் ஏற்கெனவே பெயின்ட் உரிந்து துரு வந்துவிட்டது. மேலேயே பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அடித்தால் துரு பெயின்ட்டுக்கு அடியில் நிம்மதியாகப் பரவும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, சுற்றிலும் நல்ல பெயின்ட் வரை ஒரு விரல் அகலம் கூடுதலாக எடுங்கள். குழிகளில் மிஞ்சியதற்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவுங்கள், கையுறை அவசியம். எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடியுங்கள், வெற்று உலோகத்தை இரவு விட்டால் மறுபடி துருப்பிடிக்கும். பிறகு மெல்லியதாக இரண்டு கோட் பெயின்ட். வெல்டிங் மூட்டில் செதில் செதிலாக உதிர்ந்தால் பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் சேஸிஸைக் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் வெளியூர் போகிறேன். வண்டியை எப்படி விட்டுப்போவது? வாரம் ஒருமுறை தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொல்லட்டுமா?

பதில்: ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சைலன்சர் கதைதான், இன்ஜினுக்குள்ளும் அதே ஈரம் சேரும். போகுமுன் இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். இரும்பு டேங்கை நிரப்பிவையுங்கள், காலியிடம் இருந்தால் ஈரக்காற்று உள்சுவரில் வியர்க்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதனால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி (நெகட்டிவ் முதலில்) முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

கழுவி, காயவைத்து, முழுவதும் ஆறிய பிறகு காற்று புகும் துணி உறையால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே நிற்கும். மண்ணோ புல்லோ இல்லாத தரையில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயை எண்ணெய் தொட்ட துணியால் அடைத்துவிட்டு, அடைத்திருப்பதாக ஒரு சீட்டு எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வந்து அவசரத்தில் ஸ்டார்ட் செய்யும்போது அது நினைவிருக்காது.