கனடா வந்து ஐந்து மாதம், இருபதாம் தேதிக்கே கை வறண்டுபோகிறது என்ற தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்கி டொரண்டோ பக்கத்து மிசிசாகா வந்து ஐந்து மாதம், மூன்று வயதில் பெண் குழந்தை, மனைவிக்கு இன்னும் வேலை அமையவில்லை, கைக்கு வருவது மாதம் 3,400 டாலர், அதில் வாடகை 1,900, ஊருக்கு 500. "கூட வந்தவர்கள் எல்லாம் எப்படியோ சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இருபதாம் தேதிக்கே கை வறண்டுபோகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். குழந்தை வளர்ப்புக்கென்று அரசு வரித்துறை வழியாக மாதாமாதம் தரும் சைல்டு பெனிஃபிட்டுக்கு எழுதிப் போட்டீர்களா? நீங்கள் கொடுத்த கணக்கில் வரவுப் பக்கம் அது இல்லவே இல்லை. ஸ்டடி பர்மிட், வொர்க் பர்மிட்டில் வந்தவர்கள்தான் 18 மாதம் காத்திருக்க வேண்டும், பிஆர் ஆளுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்குப்படி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதிகபட்சம் வருடத்துக்கு 7,997 டாலர், அதாவது மாதம் 666 சொச்சம். வருமானம் கூடக்கூடக் குறையும், ஊரில் சம்பாதித்ததையும் படிவத்தில் கேட்பார்கள், அதனால் முழுசாக வராமல் போகலாம். ஆனால் பாதி வந்தாலே உங்கள் வீட்டில் மளிகைச் செலவு ஓடும். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள், அதனால் ஐந்து மாதம் போச்சே என்று தலையில் கை வைக்க வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் வந்தது 2016 கடைசியில். அடுத்த வசந்தத்தில் கணவர் மட்டும் வரிக்கணக்குத் தாக்கல் செய்தார், எனக்குத்தான் ஒரு டாலர் வருமானம் இல்லையே, நான் எதற்கு என்று விட்டுவிட்டேன். யாரும் சொல்லவும் இல்லை. பெனிஃபிட் தொகையை ஒவ்வொரு ஜூலையும் முந்தைய வருட வரிக்கணக்கை வைத்து மறுபடி கணக்கிடுவார்கள், கணவன் மனைவி இரண்டு பேருடைய தாக்கலும் இருந்தால்தான் பணம் தொடரும் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பெனிஃபிட் பணம் விழ வேண்டிய அந்த ஜூலை 20ஆம் தேதி மாலை, தள்ளுவண்டியில் பையன் தூங்கிக்கொண்டிருக்க, ஒரு டயப்பர் மூட்டையையும் பால் கேனையும் கவுன்டரில் வைத்துவிட்டுக் கார்டைத் தட்டினேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினேன். பின்னால் நின்ற பாட்டி பொறுமையாகத்தான் நின்றார், எனக்குத்தான் காது சூடானது. பாலை மட்டும் சில்லறை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளே பூஜ்யம் வருமானம் என்று தாக்கல் செய்தோம், நிலுவையோடு பணம் வந்து சேரச் செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் கிரெடிட் கார்டில் ஏறியதை இறக்க அடுத்த கோடை வரை ஆனது, அது தனிக் கதை.

சரி, மற்றவர்கள் சமாளிக்கிறார்களே என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டு முடை இன்னொரு வீட்டு முடை மாதிரி இருப்பதில்லை தம்பி. பேஸ்மென்டில் மூன்று பையன்கள் சேர்ந்து இருக்கிறார்களே, அவர்களுக்கு வாடகை ஆளுக்கு 700, பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் லீஸும் இன்டர்நெட்டும் ஒருவன் பெயரில் இருக்கும், மற்றவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து இரண்டு வார நோட்டீஸில் கிளம்பினால் பெயர் கொடுத்தவன் தலையில் விழும். அப்பா அம்மாவை சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்கும் விசா) கூட்டிவந்த வீட்டில் டேகேர் செலவு மிச்சம், ஆனால் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு போட்டுத்தான் கூட்டிவர முடியும், வயது ஏற ஏற பிரீமியம் ஏறும், ஆஸ்பத்திரியில் ஒரு அட்மிஷன் என்றால் மாகாண அரசின் மருத்துவக் காப்பீடும் கைகொடுக்காது. வீடு வாங்கினவர்களைப் பார்த்துத்தானே உங்களுக்கு ஏக்கம்? நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கியின் வட்டி 2022 மார்ச்சுக்கு முன் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5. கீழே இருந்தபோது ஐந்து வருடத்துக்கு ஒரே வட்டியில் மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், பூட்டியவர்களுக்குப் புதுப்பிக்கும் முறை வருகிறது, புதிய தவணையைப் பார்த்துவிட்டுக் காரை விற்ற குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. பிள்ளையோடு தனியாக இருக்கும் தோழி ஒருத்தியைக் கேட்டால், கணவரைப் பிரிந்த பிறகு பெனிஃபிட்டை என் வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள், அதுதான் தூக்கி நிறுத்தியது, ஆனால் பிரிந்ததை வரித்துறைக்குச் சொல்லவே ஆறு மாதம் தயங்கினேன் என்பாள். சொல்வது சுலபமில்லை, அவள் ஊரில் இன்னும் தெரியாது.

உங்கள் வீட்டு முடை எனக்குத் தெரிந்தவரை இரண்டுதான். ஒன்று மேலே சொன்ன வரவு. இன்னொன்று தேதி. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது, வாடகை ஒன்றாம் தேதி மொத்தமாகப் போகிறது, அதனால் மாதக் கடைசிச் சம்பளத்தை அப்படியே வாடகை விழுங்கிவிடுகிறது. நாங்கள் ஒவ்வொரு சம்பளத்திலும் பாதி வாடகையை எடுத்து வேறு கணக்கில் போட ஆரம்பித்தபிறகுதான் மூச்சு விட்டோம். வருடத்தில் 26 சம்பளம், ஆக வருடத்தில் இரண்டு மாதங்களில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று சம்பளம் வரும். அந்த மூன்றாவதை டிவி வாங்கத் தொடாதீர்கள், முதலில் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள், கார்டு வட்டி 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கார்டில் ரொக்கம் மட்டும் எடுக்கவே கூடாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஊருக்கு அனுப்பும் 500ஐ நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆனால் ஊரில் 3,400ஐ 60ஆல் பெருக்கிப் பார்த்து மகன் இரண்டு லட்சம் வாங்குகிறான் என்றுதான் நினைப்பார்கள், வாடகையை யாரும் பெருக்குவதில்லை. நாங்கள் ஒருநாள் மாமனாரிடம் வாடகை, பஸ் பாஸ், போன் பில் எல்லாவற்றையும் ரூபாயில் வாசித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "முந்நூறு போதும்பா" என்றார். நாங்கள்தான் கேட்காமலே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 2009லிருந்து எல்லா வருட வரம்பையும் சேர்த்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீங்கள் இங்கே குடியேறிய வருடத்திலிருந்துதான் உங்களுக்கு வரம்பு, மீறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் அபராதம். இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவையும் இல்லை.

இந்த வாரமே பெனிஃபிட் படிவத்தை நிரப்புங்கள், பெரும்பாலும் அம்மா பெயரில்தான் போடுவது. குழந்தை இங்கே பிறக்காததால் பிறப்புச் சான்றின் நகல், இரண்டு பேருடைய சின் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண்), குடியேறிய தாள் எல்லாம் வேண்டும். ஏப்ரல் 30க்குள் மனைவியும் சேர்ந்து வரிக்கணக்குப் போடுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் போட்டுத் தரும் தன்னார்வ முகாம்கள் மார்ச், ஏப்ரலில் நடக்கும், பக்கத்து நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனைவிக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கு அதுதான் முதல் வேலை.