பெண்ணடிமை பற்றிய டிஸ்டோப்பியா (கொடுங்கனவு போன்ற எதிர்கால உலகம்) நாவல்கள் எல்லாம் மிகைப்படுத்தல்தானே? படித்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி கேட்டவர் "இந்தக் காலத்தில் எந்த நாட்டில் பெண்களுக்குச் சிவப்பு அங்கி மாட்டி வரிசையாக நடக்கவிடுகிறார்கள்?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சரி, எங்கேயும் இல்லை. ஆனால் மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் அந்த அங்கி வருகிற பக்கங்கள் என்னை அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. 2017இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அதைப் பெரிதாகக் காட்டியது, ஆர்ப்பாட்டங்களுக்கும் போட்டுக்கொண்டு போனார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு மளிகைக் கடைக் காட்சி.

கதை சொல்லும் பெண் வழக்கமாகப் போகிற கடைக்கு சிகரெட் வாங்கப் போகிறாள். கார்டு செல்லவில்லை. மறுபடி தட்டிப் பார்க்கிறார்கள், செல்லவில்லை. அன்றைக்கே வேலையிலிருந்தும் அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, நாட்டிலுள்ள எல்லாப் பெண்களின் கணக்கையும் முடக்கியாகிவிட்டது, பணம் இனி கணவனுக்கோ நெருங்கிய ஆண் உறவுக்கோதான் போகும். அவள் கணவன் லூக் நல்லவன். கை நீட்டுகிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. நான் இருக்கிறேன், உன்னைப் பார்த்துக்கொள்வேன் என்று ஆறுதல்தான் சொல்கிறான். அவளுக்கு அங்கேதான் சுருக்கென்கிறது. இவனுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லையே, ஒருவேளை கொஞ்சம் பிடித்தும் இருக்கிறதோ என்று.

இங்கே மலேசியாவில், கிள்ளான் போகிற கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே அதைப் படித்தேன். அப்பாவின் குரல் காதில் கேட்டது.

1993. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருந்தோம், அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து வலது கையும் காலும் முறிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து எல்லாப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். காலையிலேயே போய், பசியாறக்கூட இல்லை. பாரத்தில் (படிவத்தில்) மலாயில் 'பாபா அல்லது பென்ஜாகா' என்று இருந்தது, அதாவது அப்பா அல்லது காப்பாளர். காப்பாளர் என்றால் நாம்தானே என்று அம்மா தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். கவுன்டரில் இருந்தவர் அடிக்கோலை எடுத்து வைத்து, சிவப்புப் பேனாவால், கோணல் இல்லாமல், அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். கோபமே இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னார், என் தம்பிக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்றார். அப்பா சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடக்கிறார், அவரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அம்மா சொல்ல, பாவம் அவரும் யோசித்து, "சித்தப்பா, பெரியப்பா யாராவது இருந்தால் கூட்டி வந்து கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது இருந்தது பிள்ளைகளின் காப்பாளர் யார் என்று சொல்லும் 1961ஆம் ஆண்டுச் சட்டம், அதில் பிள்ளைக்குக் காப்பாளர் அப்பா. முஸ்லிம் அல்லாத அம்மாக்களுக்குச் சம உரிமை வந்தது 1999இல் செய்த திருத்தத்தில்தான். அதாவது எனக்குப் பதினெட்டு வயது ஆகிற வரைக்கும் அம்மா எனக்கு, காகிதத்தில், யாரும் இல்லை.

பாரம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் சிங்கப்பூர் போய், அப்பா இடது கையால் கிறுக்கி, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததை அம்மா சொன்னபோது அப்பா சிரித்தார். "இதுக்கு ஏன் அலட்டிக்கிறே, நான்தான் இருக்கேனே, அனுப்பினா போட்டுத் தரப் போறேன்." அம்மா பதில் சொல்லாமல் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார், வலது கையில் இன்னும் கட்டு இருந்ததே. எங்கள் அப்பா ரொம்ப நல்ல மனிதர். லூக்கும் நல்லவன்தான்.

அதனால் மிகைப்படுத்தல் என்ற குற்றச்சாட்டு எனக்கு ஒட்டவில்லை. வரலாற்றில் எங்கேயாவது நடந்திருந்தால்தான் எழுதுவது என்று அட்வுட் தனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டுதான் எழுதினார். ருமேனியாவில் 1966இல் ஆட்சியாளர் சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்து ஆணை போட்டார், நாலு பிள்ளை பெற்றவர்கள், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் மாதிரிச் சிலருக்குத்தான் விலக்கு, பின்னாளில் வேலை செய்யும் இடத்துக்கே வந்து பெண்களைப் பரிசோதித்தார்கள். அதற்கு மேல் கற்பனையில் என்ன சேர்ப்பது? அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் நாட்டு அரசியல் சாசனத்தில், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்க 'தந்தை' குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இருந்தது. மக்களவையில் அதை மாற்றத் திருத்தம் நிறைவேறியது 2024 அக்டோபரில். ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. என் பெரியம்மா மகள் சென்னைக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே பிள்ளை பெற்றவள், 'தந்தை' என்று பேச்சுக்குச் சொன்னால்கூட முகம் மாறிவிடும்.

(நாவலில் கதை சொல்லும் பெண்ணுக்கு வைத்த பெயர் ஆஃப்ஃபிரெட், அப்படி என்றால் ஃபிரெட்டின் உடைமை, நம் அடையாள அட்டையில் 'இன்னாரின் மகள்' என்று இருக்கும் 'ஏ/பி'யும் அதுதானே என்று ஒரு தோழி கேட்டாள். அது கொஞ்சம் இழுவை. ஆண்களுக்கும் 'இன்னாரின் மகன்' என்று 'ஏ/எல்' இருக்கிறது.)

எதைப் படிக்கலாம் என்று கேட்டால், வில்லன் தெளிவாகத் தெரிகிற நாவல்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிறிஸ்டினா டால்ச்சரின் 'வாக்ஸ்' (2018) நல்ல யோசனை, பெண்ணுக்கு ஒரு நாளைக்கு நூறு சொல்தான், மணிக்கட்டில் எண்ணுகிற வளையம். ஆனால் போகப் போக சாதாரணத் திரில்லர் ஆகிவிடுகிறது. கேத்தரின் பர்டெகின் ஆண் புனைபெயரில் 1937இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கும் முன்பே எழுதிய 'ஸ்வஸ்திகா நைட்' வேறு ஜாதி. அதில் பெண்களை வேலி போட்டு மாடு மாதிரி வைத்திருக்கிறார்கள், நாஜி ஆட்சியை எதிர்க்கிற ஆளுக்கே அது தப்பு என்று சட்டென்று உறைக்காது. கையில் தன் பெண் குழந்தையை ஏந்திய பிறகுதான் கொஞ்சம் அசைகிறான்.

வங்காள எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' சின்னக் கதை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் பெண்கள் நாட்டை ஆள, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். 1905இல் வெளியானது, அதுவும் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்! தமிழ் வாசகர்கள் நாம் இதைப் பேசுவதே இல்லை. கணவர் ஊரில் இல்லாதபோது எழுதினாராம். திரும்பி வந்தவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். அவரும் நல்ல கணவர்தான், மனைவி படிக்க வேண்டும் என்று நினைத்தவர்.

போன மாதம் செந்தூல் வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்தக் கடைக் காட்சியைத் தமிழில் சொன்னேன். லூக்கைப் பற்றி என்ன சொல்வார் என்றுதான் எனக்கு ஆவல். அம்மா அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"கையில காசு வச்சிருக்கலையா அவ?"

அந்த ஊரில் ரொக்கமே கிடையாதும்மா, எல்லாம் கார்டுதான், அதனால்தான் ஒரே நாளில் முடக்க முடிந்தது என்றேன். நாவலிலும் அவள் அதையேதான் நினைத்துப் பார்ப்பாள்.

"காசை எடுத்தப்பவே யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். அவருக்கு இ-வாலட் போட்டுக் கொடுக்க நான் ஆறு மாதமாக முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். பிஸ்கட் டின்னில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று அப்பா கடைசி வரை கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.