முதல் ஏஏ கூட்டத்துக்குப் போகத் தயக்கமா?

குடியை விட நினைக்கிறேன், கூட்டத்துக்குப் போனால் என்னென்ன கேட்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள். குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவிக்கொள்பவர்களின் அமைப்பாக 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் (ஏஏ) சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம்தான். கட்டணம் கிடையாது.

ஏஏ இணையதளம் வழியாக உங்கள் பகுதிக் கூட்டங்களைத் தேடலாம்; ஆன்லைனிலும் நடக்கின்றன. 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரையும் அழைத்துப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவர்களுக்கு மட்டும்.

பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உங்கள் முறை வந்தால், "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். அப்புறம் நின்று பேசும்போதுதான், ராத்திரி கை நடுங்கி மனம் குடியைத் தேடும் நேரத்தில் கூப்பிட ஒரு போன் நம்பர் கிடைக்கும். அந்தக் குழு ஒட்டவில்லையா, சரி, வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.