தூக்க மாத்திரை போடுபவருக்கு மரத்துப்போகும் ஊசி போடலாமா?

காசிமேட்டில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு அடுத்த வாரம் ராயபுரத்தில் ஹெர்னியா ஆபரேஷன். மரத்துப்போக லிக்னோகெயின், பயம் தணிய மிடாசோலம் போடுவார்கள், அவர் தினமும் இரவு போடும் தூக்க மாத்திரையான அல்பிரசோலத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நாள்பட்டுப் போட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

லிக்னோகெயினையும் மிடாசோலத்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். லிக்னோகெயின் ரத்தத்தில் அதிகமானால் முதலில் நாக்கும் உதடும் மரக்கும், காது இரையும், அப்புறம் வலிப்பு வரும். மிடாசோலம் அந்த வலிப்பை அடக்கும், நல்லதுதான். ஆனால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் "காது இரையுது" என்று சொல்லமாட்டார். முன்னறிகுறி தெரியாமலே இதயத்தில் சிக்கல் வரக்கூடும். அதனால்தான் எடை பார்த்து அளவு போடுகிறார்கள்: அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து) சேராத லிக்னோகெயின் என்றால் பொதுவாகக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. வலிக்கு ஃபென்டனிலும் சேர்ந்தால் மூச்சு மந்தமாவதுதான் பெரிய கவலை. ஆக்சிஜன் அளவை விடாமல் பார்ப்பார்கள்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். அல்பிரசோலத்தை அன்று போடுவதா என்பதை அவரே சொல்வார். புரோப்ரனலால் (ரத்த அழுத்தம், படபடப்புக்குக் கொடுக்கும் மாத்திரை) இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், லிக்னோகெயின் உடம்பை விட்டு வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.